மாயாண்டி அறுத்த சேஸ்

மூன்றாவது தகட்டையும் அறுத்துத் தரையில் போட்டுவிட்டு, நான்காவதில் கிரைண்டரை வைத்தபோது மாயாண்டியின் காலை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"ஐசே, வெளியில வாரும். என்ன வேலை செய்யிறீர்?"

ஸ்டோர் பார்க்கும் மார்க்கண்டு. யாழ்ப்பாணத்துக்காரர், கையில் எப்போதும் ஏதாவதொரு கார் புத்தகம்.

"திருட்டப் புடிச்சிருக்கேன் அண்ணே!" என்றான் மாயாண்டி, காருக்கு அடியில் இருந்தபடியே.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒன்பது வருஷமாக வெல்டிங் பிடிக்கிறவன். அந்த 1970 மாடல் அமெரிக்கக் கார் வந்தது சைலன்சரில் ஓட்டை அடைக்க. அடைத்தோமா, போனோமா என்று இருந்திருக்கலாம். இருப்பானா? நாமெல்லாம் அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்போம். அவனுக்குக் காரின் அடிவயிறு. அதே மாடலில் இரண்டு வண்டி பார்த்திருக்கிறான். இரண்டிலும் அடிச்சட்டமான சேஸ் ஒரு பக்கம் வாய்க்கால் மாதிரித் திறந்து கிடந்தது. இதில் மட்டும் தகடு வைத்துப் பெட்டியாக மூடியிருந்தது. துருவை மறைக்க எவனோ ஒட்டுப் போட்டிருக்கிறான்! பிடித்துக் கொடுத்தால் முதலாளி ஹபீப் முகம்மது ஃபோர்மேன் வேலையைத் தராமலா போவார்? ஊரில் நாகவள்ளி இப்போதே ஃபோர்மேன் சம்சாரம் நடையில்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போய்வருவதாகக் கேள்வி.

மார்க்கண்டு புத்தகத்தை விரித்தார். "சாதாரணக் காருக்குத்தான் சேஸ் திறந்து கிடக்கும். இது பெரிய எஞ்சின் வச்ச வேகக் கார். திருகிப்போகாமல் கம்பனியே மூடித்தான் அனுப்பும். உந்தத் தகட்டாலதான் மூண்டு மடங்கு விலை. வாங்கிற ஆள் குவைத்தில இருந்து அதைப் பார்க்கத்தான் பின்னேரம் வாறார்."

எழுந்த வேகத்தில் மாயாண்டியின் தலை சைலன்சரில் இடித்தது. "முதலாளிக்குத் தெரிஞ்சா?"

"விசா கேன்சல். கலாஸ்."

ஆகஸ்ட் மாத மதிய இடைவேளை. கராஜே தூங்கியது. அறுத்த மூன்று தகட்டையும் மாயாண்டி திரும்ப வைத்தான். புது வெல்டிங் சீர்வரிசை எவர்சில்வர் போல மின்னியது.

"துருப் பிடிக்க வையும்," என்றார் மார்க்கண்டு.

மெஸ்ஸிலிருந்து வினிகரும் உப்பும் வந்தன. ஒரு மணி நேரத்தில் துரு வந்தது. ஆனால் தகடு மட்டும் செக்கச்செவேலென்று குங்குமம் அப்பியது போல.

கறுப்பு பெயிண்ட் அடித்தான். நேற்று வாங்கிய பூட்ஸ் மாதிரி பளபளத்தது. பழசாகத் தெரியட்டுமென்று ஈரத்தில் ரெண்டு கை மணலை வீசினான். அப்படியே ஒட்டிக்கொண்டது.

"மசாலா தடவுன வஞ்சிரம் மாதிரி இருக்கே அண்ணே!"

"எண்ணெய் மட்டும்தான் குறை."

"எனக்கு வேணும். ஒரு ஓட்டைய அடைடான்னு விட்டாங்க. ஃபோர்மேன் மூளை சும்மா இருந்துச்சா?"

"அந்த ஓட்டையை அடைச்சிட்டீரோ?"

மாயாண்டி சைலன்சரைப் பார்த்தான். ஓட்டை அப்படியே இருந்தது.

அதற்குள் காரை விற்கிறவரின் டிரைவர் செய்கு அலாவுதீன் வந்துவிட்டார். கீழக்கரைக்காரர். வாங்குகிற பார்ட்டி வருமுன் ஒரு பார்வை பார்க்கவேண்டுமென்று டார்ச்சோடு அடியில் படுத்தார். படுத்தவர் எழவேயில்லை. மாயாண்டி மனசுக்குள் பெட்டியைக் கட்டி, நாகவள்ளியின் நடையை நிறுத்தி, பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியும்விட்டான்.

டிரைவர் தலை வெளியே தெரிந்ததும் உளறினான். "பாய், தப்புப் பண்ணிட்டேன். தகட்ட அறுத்ததும் நான்தான், திரும்ப வச்சதும் நான்தான். பார்ட்டி வந்தா உண்மையச் சொல்லிருங்க. நான் ஊருக்குப் போயிர்றேன்."

அலாவுதீன் சுற்றுமுற்றும் பார்த்தார். அவன் தோளில் கைபோட்டுப் பழைய டயர் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தினார்.

"போன மாசம் இந்தச் சாதா வண்டிக்கு அஜ்மான்ல நாங்க வச்ச தகட்டவிட உங்க வேல அசல் கம்பெனி மாதிரியே இருக்கு தம்பி, எங்க மொதலாளி அர்பாப்கிட்ட இன்னும் ரெண்டு சாதா வண்டி கெடக்கு, நாளைக்கே அனுப்பட்டுமா?"