பொறுங்கோ அண்ணை கிளவுட் வாங்கிய கதை

குருநகரில் பொறுங்கோ அண்ணையிடம் படம் எடுத்த ஒருவரும் அவசரமாகக் கலியாணம் கட்டியதில்லை. கட்டவும் முடியாது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் கமராவுக்குப் பின்னாலிருந்து "பொறுங்கோ!" என்று குரல் வரும். யன்னலால் வருகிற வெயில் பெண்ணின் கன்னத்துக்கு இன்னும் வந்து சேரவில்லையாம். மாப்பிள்ளை பொறுப்பார், பெண் பொறுப்பாள், சுவாமியாரும் செபப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி பொறுப்பார். வெயில் தன்பாட்டில் ஆறுதலாக வரும். அதற்குப் பிறகுதான் தாலி ஏறும். அவருடைய ஸ்ரூடியோவில் அல்பம் வடிவமைக்கிற வேலைக்குச் சேர்ந்து கனநாளாகியும் அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

ஸ்ரூடியோ கடலுக்குக் கிட்ட இருந்தது. மத்தியானத்தில் கதவைத் திறந்துவிட்டால் உப்புக்காற்று எங்களையும் கணினியையும் ஒருசேர நித்திரையாக்கும். படங்கள் இணையத்தில் ஏறும்போது திரையில் ஊர்கிற நீலக்கோட்டை அண்ணை பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"உந்தச் சனமெல்லாம் எங்கை பிள்ளை போகுது?"

"கிளவுட்டுக்கு அண்ணை."

"அங்கை எல்லாருக்கும் இடம் காணுமோ?"

காணாது. அதுதான் பிரச்சினை. இலவசமாகக் கிடைக்கிற இடம் நாலைந்து கலியாணத்தோடு நிரம்பிவிடும். மாதாமாதம் கொஞ்சக் காசு கட்டினால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தாராளமாக வைக்கலாம் என்றேன். அண்ணை யாழ்ப்பாணத்து மனிசன். காணி வாங்கப் போகிறவர்போலத்தான் விசாரித்தார்.

"உறுதி எழுதித் தருவினமோ?"

"இல்லை அண்ணை, இது வாடகை மாதிரி."

"எல்லை எது? வேலி ஆர் அடைக்கிறது?"

"வேலி இல்லை. பாஸ்வேர்ட்தான்."

"மாதக் காசு பிந்தினா?"

"கொஞ்ச நாள் பாப்பினம். பிறகு புதுசா ஒண்டும் ஏத்த ஏலாது."

"பாத்தியே! அதுதான் வீட்டுக்காரன்ரை குணம். என்னை எத்தினை வீட்டிலையிருந்து எழுப்பினவங்கள் எண்டு உனக்குத் தெரியாது."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து வீடு வீடாக மாறிய காலத்தில் அவர்களுடைய குடும்பப் படங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவின் முகம் இப்போது சரியாக ஞாபகம் வருவதில்லை என்று ஒருமுறை சொன்னார். அதனால் எவருடைய படத்தையும் அழிக்க மனம் வராது. கண் மூடிய மாப்பிள்ளை, பாதித் தலை போன மாமா, சனம் எழும்பிப் போனபிறகு கிடந்த வெறுங்கதிரை, எல்லாம் இருக்க வேண்டும். அழிக்கவும் மாட்டார், காசு கட்டவும் மாட்டார் என்றால் மனிசர் என்னதான் செய்வது?

புதிது புதிதாக இலவசக் கணக்குத் திறந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர். கணக்குத் திறக்கப் போன் நம்பர் வேண்டும். அண்ணையின் நம்பர் அலுத்துப்போய் இனி ஏலாது என்றதும், கடைக்கு வந்தவர் போனவருடைய நம்பரையெல்லாம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். சூசையப்பர் பேக்கரிக்காரியின் போனில் இருந்தார். செபஸ்தியார் ஓட்டோக்காரரின் போனில் இருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஒரு சதம் செலவில்லை பிள்ளை," என்று அண்ணை கனவில் கதைக்கிறவர் மாதிரிச் சிரித்தார்.

ஒரு மாரிகாலத்தில் கடைக் கணினி மூச்சை விட்டது. புதியது வாங்கி வைத்த கிழமையே, விடியக்காலையில் பிலோமினா அக்கா அழுதுகொண்டு வந்தார். அவருடைய அப்பா, சூசைப்பிள்ளை அப்பு, இறந்துவிட்டார். பின்னேரம் அடக்கம்.

"அண்ணை, வீட்டிலை கிடக்கிற படத்திலை எல்லாம் அப்பா ஆரோடையோ சண்டைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறார். என்ரை கலியாணத்திலை சிரிச்சவரெல்லோ. நீங்கள் எடுத்தனீங்கள். அதைத்தான் வைக்கவேணும்."

எடுத்ததுதான். சிரிக்காத மனிசர் என்று ஊரில் பெயரெடுத்த அப்பு, மகள் கோயில் வாசலில் திரும்பிப் பார்த்தபோது ஒரு கணம் சிரித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாத படம் என்று அல்பத்தில் சேர்க்காமல் விட்டிருந்தோம். அது அந்தோனியார் கணக்கில் மட்டும் இருந்தது.

புதுக் கணினி எங்களை நம்பவில்லை. போனுக்கு அனுப்பிய இலக்கத்தைச் சொல் என்றது.

"ஆரின்ரை போன் அண்ணை?"

அண்ணை கூரையைப் பார்த்து யோசித்தார். "அல்போன்சின்ரை."

"அவர் எங்கை?"

"கடலிலை."

இருவரும் கரைக்குப் போனோம். அன்று கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல் வெளிச்சம். வள்ளங்கள் தண்ணீரில் வருகின்றனவா, காற்றில் வருகின்றனவா என்று சொல்ல முடியாமல் ஒவ்வொன்றாக வந்தன. அல்போன்சின் மீன்வள்ளம் மட்டும் வரவில்லை. ஊரையே காக்கவைத்த மனிசர் நிற்கமுடியாமல் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்.

"அந்தாள் சிரிச்சது ஒருக்காத்தான் பிள்ளை," என்றார். "அதையும் துலைச்சுப்போட்டனோ?"

விடியற்காலை முழுக்க அவர்மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

வெயில் ஏறியபிறகு அல்போன்ஸ் வந்தார். நனையாமல் சொப்பின் பைக்குள் சுற்றிய போனை எடுத்தார்.

"மெசேஜ் ஏதும் வந்ததோ?"

"ஓம் அண்ணை, கரைக்குக் கிட்ட வரேக்கை ஏதோ நம்பர் வந்தது. லொத்தர் விழுந்ததெண்டு ஏமாத்திற கள்ளர் எண்டு அழிச்சுப்போட்டன்."

அண்ணை அல்போன்சைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். ஆளைத் தூக்கித் திரும்பவும் கடலில் போடப்போகிறார் என்றே நினைத்தேன். போடவில்லை. கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். இன்னொருமுறை இலக்கம் கேட்டோம். செதில் ஒட்டிய விரலை வைத்து அல்போன்ஸ் ஒவ்வொன்றாக வாசித்தார். அப்பு திரையில் சிரித்துக்கொண்டு வந்தார்.

பின்னேரம் பெட்டியின் தலைமாட்டில் அந்தச் சிரிப்பு இருந்தது. உள்ளே வந்தவர்கள், வேறு ஆளின் செத்தவீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று வாசலில் தயங்கினார்கள். பிலோமினா அக்கா படத்தைத் தொட்டுத் தொட்டு அழுதார்.

அடுத்தநாளே அண்ணை வங்கிக்குப் போய்க் கார்ட் எடுத்து வந்தார். நல்ல லென்ஸ் ஒன்று வாங்கவென்று வைத்திருந்த காசு இனி மாதாமாதம் கிளவுட்டுக்கு. "உறுதி இல்லாட்டியும் கட்டுவம் பிள்ளை," என்றார். சிதறிக் கிடந்த புனிதர்களையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்க அந்த மாரி முழுவதும் பிடித்தது. அல்போன்ஸ் கரையில் நின்ற நாட்களாகப் பார்த்து வேலை செய்தோம்.

அந்தக் கணக்கும் ஒரு போன் நம்பர் கேட்டது. தன்னுடைய போனை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுகிறவர் அண்ணை. அவர் என்னைப் பார்த்தார்.

"நீ கடலுக்குப் போறேல்லைத்தானே?"

நான் கடலுக்குப் போகவில்லை. கலியாணம் கட்டிச் சாவகச்சேரிக்கு வந்துவிட்டேன். வேறு போன் கம்பனிக்கு மாறினால் மலிவு என்று கணவர் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார், நம்பரை நான் மாற்றவில்லை. சில காலைகளில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த இலக்கம் வரும். அடுத்த நிமிடம் அண்ணையின் அழைப்பு வரும். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். கடைசி எண்ணைச் சொன்னதும் அவர் வைத்துவிடுவார்.