வண்டு மூச்சும் கடைசிப் படகும்

மூச்சை ஒழுங்குபடுத்தாமல் தியானத்தில் உட்காரக் கூடாது என்பார்கள். எங்கே உட்காரக் கூடாது என்பதையும் யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். (இதை நான் சொல்லாத நாள் குறைவு.) பல்கலைக்கழகத்தில் யோகாவும் பழகியதால், கண்டவர்களுக்கெல்லாம் மூச்சுவிடச் சொல்லிக்கொடுக்கத் துடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அம்மா, சித்தி, நான் மூவரும் யாழ்ப்பாணத்தில் கேக் வாங்கிக்கொண்டு குறிகட்டுவான் படகுத்துறைக்கு வந்தோம். எங்கள் ஊரான நெடுந்தீவுக்குப் போகும் கடைசிப் படகில் பைகளை வைத்து இடம் பிடித்துவிட்டு, டீசல் புகை தாங்காமல் இறங்கி, துறையில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம்.

மாப்பிள்ளையின் தாய் எதிலும் குறை பிடிப்பவராம். அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் புலம்பினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு காதையும் பொத்துங்கோ. கண்ணை மூடி, மூச்சை விடேக்கை வண்டு மாதிரி முரலுங்கோ. அதுக்குப் பிறகு வாற அமைதியிலைதான் தியானம் தொடங்கும்."

"காதைப் பொத்தினால் போட் வெளிக்கிடுறது கேக்காதே, பிள்ளை?"

"எங்கடை பை சீட்டிலை கிடக்கம்மா. விட்டிட்டுப் போகமாட்டினம்."

மூவரும் முரன்றோம். சித்தி தண்ணீர் மோட்டார் போலவே முரன்றார். கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் இருந்த ஓர் அதிர்வு மெல்ல விலகிப் பேரமைதி வந்தது. அந்த நிலையை அடைந்துவிட்டேன் என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது.

விலகியது படகின் எஞ்சின். கண்ணைத் திறந்தபோது படகு சுண்டுவிரல் அளவில் தெரிந்தது. பைகளைப் பார்த்தவர்கள், ஆட்களும் உள்ளேதான் எங்கோ இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். கேக் தனியாக நெடுந்தீவு போய்ச் சேர்ந்தது.

புங்குடுதீவில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் முதல் படகில் கசங்கிய உடுப்போடு ஏறினோம். எதிரே பட்டுச்சேலையில் ஓர் அம்மா. நெடுந்தீவில் பொம்பிளை பார்க்கப் போகிறார்களாம். மாப்பிள்ளையின் ஊரையும் பெயரையும் கேட்டதும் எனக்குக் கடலில் குதிக்கலாம் போலிருந்தது. என் தாயோ ஒன்றையும் மறைக்கவில்லை. காதைப் பொத்தி முரன்றும் காட்டினார்.

அந்த அம்மாவின் முகம் அசையவில்லை. "அப்ப கேக்?" என்று மட்டும் கேட்டார்.

"அது நேற்றே போயிட்டுது."

நெடுந்தீவுத் துறை வரும்வரை அவர் சிரித்து முடிக்கவில்லை. சம்பந்தம் படகிலேயே நிச்சயமாகிவிட்டது. எனக்கு அதில் ஒரு நன்றியும் கிடைக்கவில்லை.

இப்போது நான் வாயைத் திறந்து புத்தி சொல்லத் தொடங்கினால், அக்காவின் சின்ன மகள் கண்ணை மூடி, காதைப் பொத்தி, முரலத் தொடங்குகிறாள். வீடே சிரிக்கிறது. அவள் செய்முறையில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எரிச்சல்.