முன்னே ஓடிய முதுகு

போட்டியன்று நீச்சல் குளத்தில் பாதி தூரம் நீந்திய பிறகுதான் லோகநாதனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. தோசை மாவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தோமா?

"மேடம், என் ஒய்ஃபுக்கு ஒரு போன் போட்டு மாவு..." என்று தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மாவை விடுங்க சார்!" கரையிலிருந்து பயிற்சியாளர் கார்த்திகா கத்தினாள். "எதையாவது ஒண்ணை மட்டும் பாருங்க!"

அவருடைய வியாதியே அதுதான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற டிரையத்லானுக்கு உடம்பு தயார். மனம்தான் ஊர் சுற்றும். போன வருடம் ஓட்டத்தின் நடுவே கேஸை அணைத்தோமா என்று தோன்றி, முகப்பேர் வீடு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். கேஸ் அணைந்திருந்தது. போட்டியும் முடிந்திருந்தது.

இந்த வருடம் அப்படி விட முடியாது. "எங்கப்பா மெடல் வாங்குவார்" என்று மகள் வர்ஷா வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எல்லைக்கோட்டில் அவளும் மனைவி மைதிலியும் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்கள்.

லோகநாதன் குளத்தின் அடியில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்தார். மாவு மறந்துபோனது. எத்தனை சுற்று என்ற எண்ணிக்கையும் மறந்துபோனது. எல்லோரும் கரையேறிய பிறகும் தனியாக நீந்திக்கொண்டிருந்தவரைக் கார்த்திகா காலைப் பிடித்து இழுத்தாள்.

"பார்த்தது போதும் சார். சைக்கிள்ல ஏதாவது சொல்லிக்கிட்டே போங்க. மனசு ஓடாது."

"என்ன சொல்ல?"

"நான் புலின்னு சொல்லுங்க."

பாடி மேம்பாலத்தடியில் "நான் புலி! நான் புலி!" என்று வாய்விட்டே சொன்னார். அங்கே படுத்திருந்த நாய்கள் அதை அப்படியே நம்பிவிட்டன. அவை துரத்திய வேகத்தில் முன்னால் போன பாதிப் பேரை முந்தினார். சைக்கிளை நிறுத்த வேண்டிய இடத்தையும் முந்தினார். ஒருவழியாகத் திரும்பி வந்தபோது ஒரு கிளவுஸ் நாயிடம் இருந்தது.

"இனி வாயைத் திறக்காதீங்க," என்றாள் கார்த்திகா. "ஓட்டம்தான் பாக்கி. முன்னால போற ஒரு முதுகைக் கண்ணாலயே பிடிங்க. யார் என்ன கத்தினாலும் விடாதீங்க!"

சற்றுத் தள்ளி ஒரு பச்சைச் சட்டை ஓடியது. பிடித்துக்கொண்டார்.

"சார், லெஃப்ட்! லெஃப்ட்ல போங்க!" என்று முனையில் கொடியோடு நின்றவர் கத்தினார். 'கவனத்தைக் கலைக்கிறார்கள்' என்று லோகநாதன் பச்சைச் சட்டையோடு நேராகப் போனார்.

கள்ளிக்குப்பம் வந்தது. "இன்னா அண்ணாத்தே, எங்க ஓடிகினு கீறீங்க?" என்றது ஒரு டீக்கடை. புன்னகை மட்டும் செய்தார்.

பச்சைச் சட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்து மிரண்டு, இன்னும் வேகமெடுத்தது. விறைத்த முதுகு, சின்னச் சின்ன அடி, தொடையோடு ஒட்டிய தொடை. புது டெக்னிக் போலிருக்கிறது! அவரும் அப்படியே ஓடினார். பின்னால் திமுதிமுவென்று சத்தம் கேட்டது. அவர் முந்தியவர்கள் எல்லோரும் அவரையே பிடித்துக்கொண்டு, அதே டெக்னிக்கில் வந்துகொண்டிருந்தார்கள்.

மாவு இல்லை, கேஸ் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மனம் ஓர் இடத்தில் நின்றது.

பச்சைச் சட்டை ஒரு சந்துக்குள் திரும்பி, ஒரு வீட்டுக்குள் பாய்ந்து, உள்ளே எதையோ படாரென்று சாத்தியது. லோகநாதன் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் சந்து நிறைய ஆட்கள் மூச்சிரைத்து நின்றார்கள்.

"சார், ஃபினிஷ் இங்கயா?" என்றார் ஒருவர்.

"உள்ளே போனவர் ஃபர்ஸ்ட். நான் செகண்ட்," என்றார் லோகநாதன், கண் கலங்க.

குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி கூட்டத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்துக் கத்தினாள்:

"யோவ், வயிறு கலக்குதுன்னு நீ ஓடியாந்தே சரி, இத்தினி பேரை எதுக்குய்யா இட்டாந்தே? நம்ம ஊட்ல ஒரே ஒரு கக்கூஸ்தான கீது!"