கோடரி மேல் பழி

மனித குலத்தில் 'ஒண்ணுமில்லைக்காரர்' என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடிபட்டவர் வாயைத் திறப்பதற்குள் "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று இவர் சொல்லி முடித்திருப்பார். ரத்தம் அடுத்தவருடையது, வலி அடுத்தவருடையது, தீர்ப்பு மட்டும் இவருடையது. உலகம் பூராவும் பரவி வாழ்கிற இனம்தான் என்றாலும், சிலி நாட்டின் தெற்கே எங்கள் சிலோயே தீவில், சால்மன் மீன் பதனிடும் ஆலைகளில், இது கொழுத்து வளர்கிறது. பதினோரு வருஷமாக அதன் பக்கத்தில் நின்று மீன் முள் பிடுங்குகிறவள் என்பதால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

எங்கள் ஆலையின் ஒண்ணுமில்லைக்காரர் டொன் இலாரியோ ஓயார்சோ. டொன் என்றால் எங்கள் பக்கத்தில் 'ஐயா' மாதிரி. நல்ல மனசுக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்ட மனசுக்காரர்களுக்கு இந்த வேலை சுட்டுப்போட்டாலும் வராது. அவர் முதலாளி இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. எங்களைப் போலவே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஈரத்தில் நிற்கிற தொழிலாளிதான். ஆனால் ஆட்டு விருந்துக் குழுவின் தலைவர். ஆலை வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதில் முந்நூறு வந்துவிட்டால் நிர்வாகம் நான்கு முழு ஆட்டுக்குட்டிகளைக் கம்பியில் குத்தி, நெருப்பில் வாட்டி, எல்லோருக்கும் விருந்து போடும். தினமும் காலையில் அந்த எண்ணை மாற்றுவது டொன் இலாரியோ. அதற்கு முன் பலகையைக் கைக்குட்டையால் துடைப்பார். பெற்ற பிள்ளை மூக்கைக்கூட அவர் அத்தனை பக்குவமாகத் துடைத்திருக்க மாட்டார்.

உடனே, அடடா, விபத்தே நடக்காத ஆலை என்று வியந்துவிடாதீர்கள். அதெல்லாம் தாராளமாக நடக்கும். ஆனால் நடந்ததெல்லாம் வீட்டில் நடந்ததாக மாறிவிடும். எங்கள் தீவில் எல்லா வீட்டிலும் விறகு அடுப்பு, வருஷம் முழுக்க மழை, ஆணும் பெண்ணும் கோடரியைத் தொடாத வாரமே கிடையாது. இதைவிட வசதியான பொய் யாருக்குக் கிடைக்கும்? விரல் வெட்டா? விறகு. முதுகுப் பிடிப்பா? விறகு தூக்கியது. கண்ணில் கிருமிநாசினி தெறித்ததா? விறகுப் புகை. குளிர்கிடங்கில் பனிக்கட்டிப் பெட்டி சரிந்து ஒருவர் கால் நசுங்கியபோதுகூட டொன் இலாரியோ சற்றும் கலங்காமல் அடிபட்டவர் வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய மரக்கட்டையை வாயாலேயே உருட்டிவிட்டார். எங்கள் ஆலைக்காரர்கள் சொன்னபடியெல்லாம் விறகு வெட்டியிருந்தால் இந்தத் தீவில் ஒரு மரம் மிஞ்சியிருக்காது.

ஒண்ணுமில்லைக்காரர் அடிபட்டவரைத் தனியே விடவே மாட்டார். தன் வண்டியிலேயே ஏற்றிப் போவார். போகிற வழியில் சூடாக ஓர் உருளைக்கிழங்கு அடை வாங்கிக் கையில் திணிப்பார். வாய் நிறைய அடை இருந்தால் பேச்சு வராது அல்லவா? பேச வேண்டியதை அவர் பேசிக்கொள்வார்.

பலகையில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று காட்டிய நாளில் நோல்ஃபா கினேயோவின் இடது கட்டைவிரல் தோல் உரிக்கும் மிஷினுக்குள் போய்விட்டது. நோல்ஃபா எனக்கு அடுத்த மேசையில் நிற்பவள். மிஷினின் முன்னால் தடுப்புத் தகடு ஒன்று இருக்க வேண்டும். மீன் சிக்கி வேலை தாமதமாகிறது என்று இரண்டு மாதம் முன்பு அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். டொன் இலாரியோ அதில் தன் கையுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லை கண்ணு, ஒண்ணுமில்லை. கையத் தூக்கிப் பிடி," என்று ஓடி வந்தார். "காலைல விறகு வெட்டினியா?"

"இன்னிக்கு இல்லையே."

"நேத்து?"

"நேத்து வெட்டினேன், டொன் இலாரியோ."

"அவ்ளோதான். அதான் இப்ப வேலையக் காட்டுது."

பழியை இருபத்துநாலு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார் மனுஷன். அவர் வண்டியில் ஊர் மருத்துவ நிலையத்துக்குப் போனோம். நோல்ஃபாவின் கையைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன். அங்கே செவிலி எடித் மன்சில்யா காயத்தில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

"எப்படிப் பட்டுச்சு?"

"விறகு வெட்டினா," என்றார் டொன் இலாரியோ.

"உங்களுக்கா பட்டிருக்கு?"

"இல்லம்மா, அவளுக்கு."

"வாய்லயும் சேத்தா?"

அடையை மென்றுகொண்டிருந்த நோல்ஃபா தலையைக் குனிந்துகொண்டாள். எடித் விடவில்லை.

"என்ன மரம்?"

"லூமா," என்றார் அவர். "ரொம்பக் கெட்டி மரம்."

எடித் இடுக்கியால் காயத்திலிருந்து பளபளவென்று எதையோ எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். "லூமா மரத்துக்குச் செதில் எப்ப முளைச்சுது? இந்த மாசம் நீங்க கூட்டிட்டு வர்ற மூணாவது விறகுவெட்டி இது. போன ஆளு விறகுல மீன் முள்ளு இருந்துச்சு."

டொன் இலாரியோ சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினார்.

"விரல மடக்கு," என்றாள் எடித். நோல்ஃபா மடக்கினாள். நான்கு விரலும் மடங்கின. கட்டைவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றது. அப்போதுதான் அவள் முகம் வெளுத்தது.

"தசைநார் அறுந்திருக்கு. சீக்கிரம் தைக்கணும், இல்லேன்னா ஆயுசுக்கும் இப்படித்தான். விறகுன்னா பொது ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுறேன், வரிசை எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வேலையில பட்டதுன்னா இன்னிக்கே விபத்துக் காப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆபரேஷன், மருந்து, கைப் பயிற்சி, வேலைக்குப் போகாத நாளுக்கு உதவித்தொகை, எல்லாம் சட்டப்படி உனக்கு உண்டு. யார்கிட்டயும் கெஞ்ச வேண்டாம்."

"ஆலையில எழுதித் தர மாட்டாங்களே," என்றார் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தவர்.

"அவங்க எழுதலேன்னா இவளே எழுதலாம். இவ வீட்டுக்காரர் எழுதலாம். இங்க இருக்கிற டாக்டர் எழுதலாம்."

"ஆளாளுக்கு எழுதலாம்னா அப்புறம் பலகை என்னம்மா ஆகுறது?" என்றார் டொன் இலாரியோ. நிஜமான கவலையோடு கேட்டார், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நோல்ஃபா அடையை மேசையில் வைத்தாள். "மிஷின்," என்றாள். "தோல் உரிக்கிற மிஷின். தடுப்பு இல்ல. ரெண்டு மாசமா இல்ல. எழுதுங்க."

மறுநாள் பலகையில் பூஜ்யம். அதை மாட்டியபோது டொன் இலாரியோவின் முகத்தைப் பார்த்தவர்கள் துக்கம் விசாரிக்காததுதான் பாக்கி. ஆடும் இல்லை, நெருப்பும் இல்லை. கட்டைவிரல் போக இருந்தவளுக்கு 'நாலு ஆட்டை முழுங்கினவள்' என்று எங்கள் வரிசையிலேயே பெயர் வைத்தார்கள். வைத்தவர்களில் இரண்டு பேர் சொந்தமாக 'விறகு' வெட்டி விரல் நுனியை இழந்தவர்கள். இதற்கு நான் என்ன சொல்ல? ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றதும் தடுப்புத் தகடு கால் முளைத்ததுபோல மிஷினுக்குத் திரும்பி வந்தது. மூன்று மாதம் கழித்து நோல்ஃபாவும் வந்தாள். என் முகத்துக்கு நேரே கட்டைவிரலை மெல்ல, மிக மெல்ல மடக்கிக் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். இதுவரை டொன் இலாரியோவை வைத்துச் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்கு வண்டியில் நோல்ஃபா என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். அவள் ரத்தம் என் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "விருந்துக்கு இன்னும் ஒம்பது நாள்தானே இருக்கு."

உங்கள் ஆலை வேறு, அலுவலகம் வேறு, அங்கே ஆட்டுக்கறி போட மாட்டார்கள், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் படியில் வழுக்கி விழுந்த அன்று நீங்கள் முதலில் பார்த்தது எதை? அவருடைய அடிபட்ட காலையா, யாராவது பார்த்துவிட்டார்களா என்றா?

என்ன, யோசிக்கிறீர்கள்?