ஜோர்ஹாட்டிலிருந்து வந்த அரிசி

காரைக்கால்,
புதன்கிழமை

அன்புள்ள ஹரிஹரனுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உன் நலத்தை அம்மா மூன்று வேளையும் போனில் விசாரித்துவிடுவதால் நான் தனியாகக் கேட்கவில்லை.

இன்று காலை ஜோர்ஹாட்டிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வந்தது. அனுப்பியவர் ஜோனாலியின் அம்மா என்பதைப் பார்சல் சீட்டு உறுதி செய்கிறது. "என்ன பங்கஜம், நெரவியில வயல வச்சிக்கிட்டு அஸ்ஸாம்லேருந்து அரிசி வாங்குற?" என்று எதிர்வீட்டு சின்னப்பிள்ளை அக்கா கேட்டதிலிருந்து உன் அம்மா வாசலுக்கே வரவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நடந்தது இது. நீ ஜோனாலியைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னதிலிருந்து, அவள் அம்மாவோடு தானே பேச வேண்டும் என்று உன் அம்மா அஃபீஃபா டீச்சரின் ஆங்கில வகுப்புக்குப் போகிறாள் அல்லவா, அங்கே வாரம் ஒரு தலைப்பு: குடும்பம், வீடு, வேலை, மழை, சாப்பாடு. 'எஸ்', 'நோ' என்று நிறுத்தக் கூடாது, எதைக் கேட்டாலும் மூன்று வாக்கியமாவது பேச வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. சென்ற மாதக் கடைசியில் இரண்டு அம்மாக்களும் வீடியோவில் பேசினார்கள். பையன் எப்படி என்று அந்த அம்மா கேட்டார்கள். கண் பட்டுவிடும் என்று பெற்ற பிள்ளையை யாரிடமும் நல்லவன் என்று சொல்லாதவள் உன் அம்மா. "ஏதோ இருக்கான். ஏதோ கம்பெனி. ஏதோ சம்பளம்" என்று ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம். வீடு? சின்னது, பழசு, மழையில் ஒழுகும். போன வருஷம்தான் மாடி எடுத்துக் கட்டினோம், உனக்குத் தெரியும். விளைச்சல்? "மழையில எல்லாம் போச்சு. ஏதோ சாப்பிடுறோம்." நெல் மூட்டைகள் மாடிப்படிவரை அடுக்கிக் கிடக்கின்றன. நான் "நோ, நோ" என்று குறுக்கிட்டேன். கேமராவுக்குத் தெரியாமல் என் காலை மிதித்தாள். இத்தனை வருஷம் நிருபராக இருந்தவன், பிழையில்லாத ஆங்கிலத்தில் இவ்வளவு பிழையான செய்தியைக் கேட்டதில்லை. அந்த அம்மா கண்கலங்கி நம் பின்கோடைக் கேட்டார்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்பத்தான் என்று இவளுக்கு ஒரே பூரிப்பு.

இப்போது, "சோத்துக்கு இல்லாத வீட்டுக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க? எம் புள்ள கல்யாணத்த நானே கெடுத்துட்டேனே!" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஆகவே நீ உடனே ஜோனாலி மூலம் மறுப்புத் தெரிவி. விளைச்சல் நன்று, வீடு ஒழுகாது, பையன் நல்லவன். கடைசித் தகவலை என்னால் தனியாக உறுதிப்படுத்த இயலவில்லை. ஜோனாலியே சாட்சி சொல்லட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள்.

அன்புடன்
அப்பா, சோமசேகரன்

பி.கு.: இதைப் படமெடுக்கும்போது அந்த அம்மாவே கூப்பிட்டார்கள். அரிசி வந்ததா, ரொம்பச் சுமாரான அரிசி, தங்கள் வீடும் சின்னதுதான், ஜோனாலிக்குச் சமைக்கத் தெரியாது, கோபமும் வரும் என்றார்கள். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, பெத்த பொண்ணப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லல. நம்மள மாதிரியேதாங்க!" என்றாள். பிறகு யார் பிள்ளை மோசம் என்பதில் இருவருக்கும் கடும் போட்டி. பாதியில் உன் அம்மாவுக்கு ஆங்கிலம் தீர்ந்துபோனது. சற்று யோசித்து, "மை சன் வெரி குட் பாய்" என்று மெல்லச் சொன்னாள். தமிழில் இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. உடனே உப்பும் மிளகாயும் எடுத்து, போனில் இருக்கும் உன் படத்துக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். இருமல் இன்னும் அடங்கவில்லை.

ஆகவே மறுப்பு எதுவும் வேண்டாம். நெரவி அரிசி ஒரு மூட்டை நாளை ஜோர்ஹாட்டுக்குக் கிளம்புகிறது. மேலே 'சுமாரான அரிசி' என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்கிறாள். கல்யாணத் தேதி மட்டும் நிலுவை, ஜோனாலி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சொல்வார்கள். அதுவரை உன்னை யாராவது விசாரித்தால், ஏதோ இருக்கிறேன் என்று சொல்.