எங்கள் வாசலில் இறங்கி நடக்கும் விழா

சேசு மரி சூசை துணை

நாயுடுபுரம், கொடைக்கானல்
17-5-81, ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்

பெரும்பாறைத் தோட்டத்தில் காப்பியும் மிளகும் குறைவின்றி விளைய, அக்காவும் பிள்ளைகளும் சூழ வாழ்ந்திருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் இருதயசாமி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கித்தேரியம்மாளின் புருஷன், தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற உபகாரம் எழுதிக்கொள்வது. இங்கு நான் ஒருவன்தான் என்பதால் அனைவரும் நலம். கோழிகளும் நலம். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்.

நிற்க. தை மாதம் கித்தேரியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று, பிறந்த வீட்டுக் கோடித்துணியை அவள்மேல் போட்ட கையோடு தெரு நடுவில் நின்று தாங்கள் சொன்ன சொல் ஞாபகம் இருக்கும். “எந் தங்கச்சி வாசல்ல ஒரு வருசத்துக்கு மேளம், கூத்து, கொண்டாட்டம் ஒண்ணும் கூடாது. மீறுனா இந்தத் தெருவுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.” கோடி போட்டவர் சொன்ன சொல்லை அவரேதான் எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்பது நம் முறை. அழுகையின் நடுவே நானும் தலையாட்டி வைத்தேன். நடுவில் மே மாதம் என்று ஒன்று வரும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை, தங்களுக்கும் தோன்றியிருக்காது.

மே மாதம் எங்கள் தெருவில் கோடை விழா நடப்பது தாங்கள் அறிந்ததே. ஏரிப் பக்கம் நடப்பது வெளியூர்க்காரர்களுக்கு. இது எங்களுக்கு, டிக்கெட் கிடையாது. டிராயிங் வாத்தியார் அருளப்பன்தான் தலைவர். பேண்டு செட்டு உண்டு, சுவரெல்லாம் படம் வரைவது உண்டு, கொஞ்ச காலமாக ஸ்கேட்போர்டு ஓட்டமும் உண்டு. அது வேறொன்றுமில்லை, ஒரு பலகை, அடியில் நாலு சக்கரம். இங்கே படிக்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் கொண்டுவந்தது. இப்போது நம் பிள்ளைகளும் பேரிங் வைத்துச் செய்துகொண்டு, சரிவில் நின்றபடியே பறக்கிறார்கள். அந்தச் சரிவின் நட்டநடுவில்தான், மச்சான், நம் வீடு இருக்கிறது. இந்த வருஷம் விழாவே வேண்டாம் என்றுதான் முதலில் பேசினார்களாம். நான்தான் போய், நடத்துங்கப்பா என்றேன். அப்படியானால் தங்கள் சொல்லுக்குக் குந்தகம் இல்லாமல் நடத்துவது எப்படி என்று கூட்டம் போட்டார்கள். மேளம் கூடாது, சரி. படம் வரைவது கொண்டாட்டமா? கொண்டாட்டம்தான் என்று முடிவாயிற்று. ஸ்கேட்போர்டு எந்தக் கணக்கு என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. கடைசியில் அருளப்பன் வாத்தியார் தீர்ப்புச் சொன்னார்: “ஏறி நின்னாத்தான் கொண்டாட்டம். கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்தா அது வெறும் சாமான்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேண்டு கீழேயிருந்து ஏறி வந்தது. பக்கத்து வீட்டு வடிவு வாசல்வரை மலையே அதிர்கிற மாதிரி வாசித்தார்கள். அங்கே வந்ததும் பேண்டு மாஸ்டர் அழகையா கையைத் தூக்கினார். பாட்டு பாதியில் அறுந்தது. அதைக் கவனிக்காத டிரம்காரர் முன்னால் போன கிளாரினெட்டுக்காரரின் முதுகில் மோத, அவர் வடிவு வீட்டு டேலியாப் பாத்தியில் விழுந்து, துக்க வீட்டுப் பக்கத்தில் கத்தக்கூடாதே என்று வலியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிவிட்டு எழுந்து வந்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நம் வாசலைக் கடந்தார்கள். வேலி முடியும் இடத்தில், விட்ட இடத்திலிருந்தே பாட்டு மறுபடி கிளம்பியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய், “அழகையா, நான் சொல்றேன், நின்னு ஒரு பாட்டு வாசிங்க” என்றேன். “நீங்க சொல்லி ஆகுமாங்க? நீங்க கட்டுனவரு. கோடி போட்டவுக சொல்லணும்ல” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இத்தனை காலம் அவளோடு குடும்பம் நடத்திய எனக்கு என் வாசலில் இவ்வளவுதான் மச்சான் அதிகாரம்.

மறுநாள் விடிந்து பார்த்தால் தெருச் சுவரெல்லாம் படம். வடிவு வீட்டுச் சுவரில் காட்டெருமை, எதிர் வீட்டில் ஏரியும் படகும். நம் சுவர் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. என் சுவரில் நானே வரைந்தால் யார் கேட்பது என்று அடுப்புக்கரியை எடுத்துப்போய் ஒரு கோழி வரைந்தேன். கோழி கோழி மாதிரி வரவில்லை, அது வேறு விஷயம். “உள்ள வாங்கய்யா, பனியில நிக்காதீக” என்று வடிவும் இன்னொரு பெண்ணும் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்காரவைத்து, சுக்குக் காப்பி கொடுத்து, உச்சந்தலையில் எண்ணெய் தேய்த்தார்கள். பெண்டாட்டி போன துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற செய்தி மத்தியானத்துக்குள் பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டது. நான் தபால் கொடுத்த காலத்தில்கூட எதுவும் இவ்வளவு வேகமாகப் போனதில்லை. வெளியே வந்து பார்த்தால் கோழிமேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

சாயங்காலம் ஸ்கேட்போர்டு ஓட்டம். அருளப்பன் வாத்தியாரின் மகள் ஜோசப்பின்தான் முதலில் வந்தாள். காற்றாய் வந்த பெண் நம் வேலியோரம் குதித்து இறங்கி, பலகையைக் கக்கத்தில் இடுக்கி, நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரி கண்ணைத் தாழ்த்தி அடிமேல் அடி வைத்து நடந்தாள். பின்னால் வந்த மெக்கானிக் பழனிமுத்து விறுவிறுவென்று நடந்து அவளை முந்திவிட்டான். துக்க வீட்டு முன்னால் அப்படி நடக்கலாமா என்று தகராறு. “நடக்கத்தான சொன்னீக, மெதுவா நடன்னா சொன்னீக?” என்கிறான் அவன். அந்தச் சண்டையையும் நம் வாசலில் சத்தம் போடக்கூடாது என்று குசுகுசுவென்றே போட்டார்கள். கடைசியில் நியாயம் சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். கித்தேரி இருந்தால் பெண்பிள்ளை பக்கம்தான் பேசுவாள் என்று முதலிடத்தை ஜோசப்பினுக்கே கொடுத்தேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மதுரைக் குடும்பம், எல்லோரும் இறங்கித் தலைவணங்கி நடக்கிறார்கள் என்றால் சக்தி உள்ள இடமாகத்தான் இருக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, வேலியோரம் பிளம்ஸ் பழங்களை வைத்துவிட்டு, “இங்க என்ன சாமிங்க இருக்கு?” என்று என்னைக் கேட்டது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எனக்கு அருள் வந்துவிட்டது என்று அந்த அம்மாள் பிள்ளைகளை இழுத்து என் முன்னால் நிறுத்தி விபூதி கேட்டாள்.

மச்சான், சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இதைக் கேளுங்கள். வருஷா வருஷம் பேண்டு வந்தால் தங்கள் தங்கை வாசலை மறித்துக்கொண்டு நின்று, இன்னொரு பாட்டு வாசித்தால்தான் வழி விடுவேன் என்பாள். நான் உள்ளே ஜன்னலைச் சாத்திக்கொண்டு, என்ன கூச்சல் இது என்று கத்துவேன். இப்போது குளிரில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாட்டு வடிவு வாசல்வரை வருகிறது, நின்றுவிடுகிறது. அவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைத் தெருவே திரண்டு வந்து, போகும்போது ஒருதரம் வரும்போது ஒருதரம் எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டுமா? ஒரே ஒரு பாட்டு வாசலில் முழுசாகக் கேட்டால் போதும். அவள் அங்கே நின்று வம்பளக்கிறாள், உள்ளே வர நேரமாகும் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிடுவேன். ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி, சொன்ன சொல்லை எடுத்துவிட்டதாக அழகையா பேருக்கு ஒரு கார்டு போட வேண்டும். இந்த விழா இன்றோடு முடிகிறது. ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழாவுக்காவது பேண்டு நம் வாசலில் பாட்டை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போகட்டும். தங்கள் காலில் விழுந்து கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் தோத்திரம். பேரப்பிள்ளைகள் நெற்றியில் எனக்காகவும் ஒரு சிலுவை போட்டுவிடவும். மாதா தங்கள் குடும்பத்தையும் தோட்டத்தையும் தங்கள் முழங்காலையும் காக்க வேண்டும் என்று மன்றாடும்,

தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மாப்பிள்ளை,
உபகாரம்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? கடிதம் மேசைமேலேயே கிடந்தது. சாயங்காலம் கடைசி ஊர்வலம். இத்தனை நாளும் அவர்கள் வரும்போது நான் ஜன்னலில் நிற்பேன், இல்லையென்றால் வாசலுக்கு ஓடுவேன். என்னைக் கண்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். இன்றைக்கு எதையும் பார்க்க வேண்டாம் என்று வேலிக்கு உட்புறம், பேரிமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பேண்டு வழக்கம்போல நின்றது. அப்புறம்தான் அது என் காதில் விழுந்தது. அழகையா நம் வாசலைப் பார்த்து, “யக்கா, இந்த வருசம் கிளாரினெட்டு சரியா அமையல, கோவிச்சுக்கிராதீக” என்கிறார். வடிவு, “யக்கா, மகளுக்கு நல்ல எடமா அமைஞ்சிருக்கு. உங்ககிட்டதேன் மொதல்ல சொல்றேன்” என்கிறாள். ஜோசப்பின், “ஆன்ட்டி, நாந்தான் ஃபர்ஸ்ட்டு” என்கிறாள். பழனிமுத்துகூட, “நான் நடந்தது தப்புத்தான் ஆத்தே, அடுத்த வாட்டி மெதுவா போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவளிடம் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. பேண்டு வாசித்துக்கொண்டே போயிருந்தால் யார் நின்று பேசியிருப்பார்கள்? தெரு காலியான பிறகு நானும் வாசலில் போய் நின்றேன். சாப்பிட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அழகையாவுக்குக் கார்டு போட வேண்டாம். சொல்லை எடுக்கவே வேண்டாம். ஒரு வருஷம் என்று சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல முறையில் இடம் உண்டா என்று மட்டும் பெரியவர்களிடம் விசாரித்து எழுதவும்.