மீன் தொடாத பவுடர் அண்ணன்

தன் முழங்காலோடு வாய்ச்சண்டை பிடிக்கிற மனிதர் இந்த இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பவுடர் அண்ணன். களுவாஞ்சிக்குடிச் சந்தை முன்னால், தான் ஓட்டுகிற ஓட்டோவிலிருந்து இறங்கும்போதெல்லாம், "நிமிரு, சனியனே!" என்று முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவார்.

சண்டைக்குக் காரணம் இருந்தது. மனைவி மகேசு அக்காவுக்குப் புற்றுநோய். அவள் பிழைக்க வேண்டுமென்று, ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்தே வருவதாக நேர்த்தி வைத்திருந்தார். காடு கடக்க வேண்டிய காலோ கடைத்தெருவைக் கடக்கவே முனகியது.

சுவிஸிலிருந்து மகள் கொலாஜன் பவுடர் அனுப்பினாள். மூட்டுக்கும் நல்லதாம், தோலுக்கும் நல்லதாம். அண்ணன் அதைப் பிளேன்ரீயில் கலக்கிக் குடித்தார். முழங்கால் மசியவில்லை. கன்னத்தை மட்டும் ஓட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் நீட்டுவார்.

"தடவிப் பாரு மனே, புது மாப்பிள்ள மாதிரி இல்லையா?"

"முன்னுக்குப் பாத்து ஓட்டுங்க அண்ணன்!"

நேர்த்திக்காக மீன், இறைச்சி என்று மச்சமும் விட்டிருந்தார். வாவி மீனில்லாமல் சோறு இறங்காத மனிதர், மீன் பையோடு வந்த மாமியாரையே, "நான் விரதம், நீங்க பஸ்ஸில போங்க மாமி" என்று இறக்கிவிட்டார்.

ஒரு நாள் பாமசியில் மருந்து கொடுக்கிற பிள்ளை பவுடர் டப்பாவை வாசித்தாள். "மாமா, இது மீன் தோலில செஞ்சது!"

அண்ணன் நம்பவில்லை. கொஞ்சத்தைச் சந்தைப் பூனைக்கு முன்னால் கொட்டினார். அது நிலத்தையும் சேர்த்து நக்கியது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் முகம் வெளிறிப்போனது. முழங்காலையும் மறந்து நேரே வீட்டுக்கு ஓடினார். பயந்து நானும் பின்னால் போனேன்.

"மகேசு, நான் விரதத்த முறிச்சிப்போட்டன்!" கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எலும்பும் தோலுமாய்க் கிடந்த அக்கா சிரித்தாள். "நீங்க மீனில்லாமத் தவிக்கிறத பாத்து முருகனே பவுடராக்கித் தந்திரிக்காரு. போய் மூஞ்சியக் கழுவுங்க."

ஆடி பிறக்குமுன் அக்கா போய்விட்டாள்.

"நான்தான் தம்பி அவளக் கொன்டுட்டன்," என்றார் அண்ணன். வைத்தியர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை. பவுடருமில்லாமல் அந்த முழங்காலோடு கதிர்காமத்துக்குப் புறப்பட்டார்.

"அக்காவே இல்ல. மறுகா ஏன் அண்ணன் நடக்கிறீங்க?"

"அவளுக்காகச் சொன்ன சொல்லு இரிக்கே தம்பி."

பாதி வழியில், பொத்துவிலில் கால் வீங்கி உட்கார்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். தோளைக் கொடுத்தேன். மிச்சக் காட்டை இருவருமாகக் கடந்தோம். வழியெல்லாம் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

இந்த மனிதர் ஒரு பிழையும் செய்யவில்லை. அதை அவரே நம்பும் நாள் வரைக்கும், அவர் நடக்கிற ஒவ்வோர் ஆடியிலும் என் தோள் அவருக்குத்தான்.